சாம்பல் புதனும் ஜான் நார்ட்டனின் உயிலும்

லண்டன் மாநகரின் மையத்தில், தூய பவுல் பேராலயத்துக்குச் சில நிமிட நடைத் தொலைவில், ஏவ் மரியா சந்து என்னும் தெருவை ஒட்டி ஸ்டேஷனர்ஸ் ஹால் என்ற பழைய மன்றக் கட்டடம் இருக்கிறது. அச்சிடுவோர், நூல் வெளியிடுவோர், பைண்டு செய்வோர், காகிதம் விற்போர் ஆகியோரின் தொழிற்குழுவான ஸ்டேஷனர்ஸ் கம்பெனிக்கு உரிய மன்றம் அது. ஆண்டுதோறும் கிறிஸ்தவரின் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் அன்று அக்குழுவினர் அங்கே கூடிச் சிறு கேக்குகளை உண்டு, ஏல் என்னும் பார்லி மதுவை அருந்தி, அங்கி அணிந்து ஊர்வலமாகப் பேராலயத்துக்குச் சென்று, அதன் நிலவறையில் நடைபெறும் ஆராதனையில் கலந்துகொண்டு பிரசங்கம் கேட்கிறார்கள். ‘கேக்கும் ஏலும்’ என்பதே இந்நிகழ்ச்சிக்கு வழங்கும் பெயர். 1612ஆம் ஆண்டில் இறந்த ஜான் நார்ட்டன் என்னும் நூல் வணிகர் தம் உயிலில் எழுதிவைத்த ஏற்பாடு இது. ஒரு தொழில், அத்தொழிலின் புரவலர், ஓர் ஆலயம், ஆண்டுக்கு ஒரு நாள் என்ற இந்த நான்கும் எவ்வாறு ஒன்றோடொன்று பிணைந்தன என்பதைப் புதிதாக அறிய விரும்புவோருக்காக இக்கட்டுரை எழுதப்படுகிறது.

முதலில் ‘ஸ்டேஷனர்’ என்ற சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நோட்டுப் புத்தகமும் பேனாவும் விற்கும் கடையை நாம் ஸ்டேஷனரி கடை என்கிறோம். இச்சொல்லின் வேர், ஓரிடத்தில் நிலையாக இருத்தல் என்ற பொருளுடைய இலத்தீன் சொல். இடைக்கால ஐரோப்பாவில் பெரும்பாலான சில்லறை வியாபாரிகள் ஊர் ஊராகத் திரிந்தார்கள். கையெழுத்துப் படிகளைச் செய்வித்தும் விற்றும் வந்தவர்களோ ஒரே இடத்தில் கடை போட்டு அமர்ந்திருந்தார்கள். லண்டனில் அவ்விடம் தூய பவுல் பேராலயத்தின் சுற்றுப்புறம். குருமாரும் வழக்கறிஞரும் படித்தவரும் வந்து போகும் இடம் அதுவே ஆதலால், நூலை விலைக்கு வாங்கக்கூடியவர்களும் அங்கேதான் கிடைத்தார்கள். எழுத்துப் படியெடுப்போர், ஏட்டோரங்களில் வண்ண ஓவியம் தீட்டுவோர், பைண்டர்கள், விற்பனையாளர்கள் ஆகியோர் சேர்ந்து 1403ஆம் ஆண்டில் ஒரு தொழிற்குழுவாக அமைந்தார்கள். அச்சுப்பொறி இங்கிலாந்துக்கு வருவதற்கு எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக முந்திய செய்தி இது. பின்னர் அச்சிடுவோரும் அதே குழுவுக்குள் வந்தார்கள். 1557இல் பிலிப்பும் மேரியும் ஆண்ட காலத்தில் குழுவுக்கு அரச சாசனம் கிடைத்தது.

இத்தகைய குழுக்களுக்கு லண்டனில் லிவரி கம்பெனிகள் என்று பெயர். லிவரி என்பது உறுப்பினர் அணியும் சீருடை அங்கியைக் குறிக்கும். தங்க வேலை செய்வோர், மீன் விற்போர், தோல் தைப்போர் எனத் தொழில்தோறும் ஒரு குழு உண்டு. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட குழுக்கள் இருக்கின்றன; அவற்றின் முன்னுரிமை வரிசையில் ஸ்டேஷனர்ஸ் கம்பெனிக்கு 47ஆம் இடம். தொழிற்பழகுநரைச் சேர்த்துக்கொண்டு ஏழாண்டு அல்லது அதற்கும் கூடுதலான காலம் பயிற்றுவிப்பதும், பயிற்சி முடித்தவருக்குத் தொழில் நடத்தும் உரிமை வழங்குவதும், வேலையின் தரத்தைக் கண்காணிப்பதும், நலிந்த உறுப்பினரையும் அவர்தம் கைம்பெண்களையும் தாங்குவதும் குழுவின் கடமைகள். ஸ்டேஷனர்ஸ் கம்பெனிக்கு மேலும் ஒரு தனிச்சிறப்பு உண்டு. எந்த நூலை அச்சிடும் உரிமை யாருக்கு உரியது என்பதைப் பதிந்துவைக்கும் பேரேடு ஒன்றை அது பேணி வந்தது. ஷேக்ஸ்பியரின் நாடகங்களை முதன்முதலாக ஒரு பெருந்தொகுதியாக வெளியிட்டவர்கள், அதுவரை பதிவாகாத நாடகங்களை 1623 நவம்பரில் பதிந்ததும் அப்பேரேட்டில்தான். பதிப்புரிமைச் சட்டம் என்று இன்று நாம் அறிவதன் முன்வடிவம் அங்கே இருக்கிறது.

தொழிற்குழுவுக்கும் ஆலயத்துக்கும் என்ன தொடர்பு என்ற கேள்வி இங்கே எழும். இடைக்காலத் தொழிற்குழுக்களுக்கு வழிபாட்டுச் சங்கம் என்ற முகமும் இருந்தது. குழுவுக்கென ஒரு பாதுகாவல் புனிதர் இருப்பார். அவருடைய பீடத்துக்கு மெழுகுதிரி ஏற்றுவது உறுப்பினரின் பொறுப்பு. உறுப்பினர் இறந்தால் அனைவரும் சேர்ந்து அடக்கத்துக்குச் செல்வதும், இறந்தவரின் ஆன்மாவுக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கச் செய்வதும் கடமை. வசதி உள்ளவர்கள், தம் ஆன்ம இளைப்பாற்றிக்காக ஆண்டுதோறும் பூசை நடைபெறவேண்டும் என்று நிலமோ வீடோ எழுதிவைத்தார்கள். சீர்திருத்தத் திருச்சபை இங்கிலாந்தில் வேரூன்றியபோது இவ்வழக்கம் ஒழிக்கப்பட்டது; 1547ஆம் ஆண்டின் சட்டம் அத்தகைய அறக்கட்டளைகளின் சொத்துகளை அரசுடைமையாக்கியது. ஆனால், இறந்த பின்னும் தம் பெயர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் தம் மக்கள் நடுவே ஒலிக்கவேண்டும் என்ற விருப்பத்தைச் சட்டத்தால் ஒழிக்க முடியுமா? பூசைக்கு எழுதிவைக்க இயலாதவர்கள் பிரசங்கத்துக்கு எழுதிவைத்தார்கள். இறந்தவருக்காக மன்றாடும் வழிபாடு போய், உயிரோடிருப்பவருக்கு அறிவுரை கூறும் வழிபாடு வந்தது. நார்ட்டனின் ஏற்பாடு இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. நம் கோயில்களில் ஒரு நாளின் பூசைச் செலவை ஒருவர் ஏற்று அமைக்கும் ‘கட்டளை’ என்ற முறையை அறிந்தவர்களுக்கு இதன் அடிப்படை எளிதில் விளங்கும்.

நார்ட்டன் சாதாரணக் கடைக்காரர் அல்லர். முதலாம் ஜேம்ஸ் அரியணை ஏறிய 1603இல், இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் ஆகிய மொழிகளுக்கான அரச அச்சாளராக அமர்த்தப்பட்டவர். ஸ்டேஷனர்ஸ் கம்பெனியின் தலைவராக, அதாவது மாஸ்டராக, மும்முறை பொறுப்பு வகித்தவர். மூலிகைகளைப் பற்றி ஜான் ஜெரார்டு எழுதிய பெருநூல் 1597இல் வெளிவந்தபோது, உறவினர் போனம் நார்ட்டனுடன் சேர்ந்து அதை வெளியிட்டவர் இவர். ஆர்ட்டீலியஸின் உலக நிலப்படத் தொகுப்பை 1606இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். பழங்காலத் திருச்சபைத் தந்தையான கிறிசோஸ்தோமின் எழுத்துகளைக் கிரேக்கத்திலேயே எட்டுத் தொகுதிகளாக ஹென்றி சவில் பதிப்பித்தபோது அவற்றை ஈட்டன் கல்லூரியில் அச்சிட்டவரும் இவரே. கிரேக்க எழுத்துகளைக் கோப்பது அக்காலத்தில் எத்துணைக் கடினமான வேலை என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். மூச்சொலிக் குறியும் அழுத்தக்குறியும் சேர்ந்த ஒவ்வோர் எழுத்துக்கும் தனித்தனி ஈய அச்சு வேண்டும். அவற்றைப் பிழையின்றிக் கோக்கத் தெரிந்த ஆள் வேண்டும். ஆக்ஸ்போர்டில் தாமஸ் போட்லி நிறுவிய நூலகத்துக்கு ஐரோப்பியச் சந்தைகளிலிருந்து நூல்களை வாங்கிக் கொடுத்தவர்களில் நார்ட்டனும், அவரிடம் தொழில் பழகிய ஜான் பில்லும் முக்கியமானவர்கள். இத்தனை ஈட்டியவர் தம் ஈட்டத்தின் ஒரு பகுதியைத் தொழிலுக்கே திருப்பினார்.

உயிலில் நாம் கவனிக்க வேண்டிய கொடைகள் இரண்டு. முதலாவது 1000 பவுண்டு. குழுவின் வசதியற்ற இளம் உறுப்பினர்களுக்குக் கடன் கொடுத்து உதவுவதற்கான தொகை அது. ஏன் கடன் என்பதை அக்கால அச்சுத்தொழிலின் நிலையிலிருந்து புரிந்துகொள்ளலாம். 1586ஆம் ஆண்டின் அரசாணை ஒன்று, அச்சுத்தொழிலை லண்டன், ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் ஆகிய மூன்று ஊர்களுக்குள் அடக்கி, அச்சகங்கள் பெருகாதபடி கட்டுப்படுத்தியது. பல ஆண்டுகள் தொழில் பழகி வெளிவந்த இளைஞர் பலர், சொந்தக் கடையோ அச்சகமோ வைக்க வழியின்றிக் கூலிக்கு வேலை செய்தே காலம் கழித்தார்கள். நூல் வெளியிடுவது முதல் போட்டுவிட்டுக் காத்திருக்கும் தொழில் வேறு. காகிதத்தை முன்பணம் கொடுத்து வாங்கவேண்டும். அச்சுக்கோப்பவருக்கும் அச்சடிப்பவருக்கும் வாராவாரம் கூலி தரவேண்டும். விற்று வரும் பணமோ மாதங்கள் கழித்துத்தான் கைக்கு வரும். இந்த இடைவெளியைத் தாண்டக் கைகொடுக்கும் ஒருவர் இல்லாததால்தான் திறமையுள்ளவர்கள் தேங்கினார்கள். தொழிலின் உள்ளிருந்து வளர்ந்த ஒருவருக்கே இந்த வலி எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கும்.

இரண்டாவது கொடை 150 பவுண்டு. அதிலிருந்து வரும் வருமானத்தைச் செலவிடும் முறையை நார்ட்டன் நுணுக்கமாக வகுத்தார். தூய ஃபெய்த் பங்கு என்னும் ஆலய வட்டாரத்தைச் சேர்ந்த ஏழைகளும் குழுவைச் சேர்ந்த ஏழைகளுமாகப் பன்னிரண்டு பேருக்கு வாரந்தோறும் ஆளுக்கு இரண்டு பென்ஸ் பணமும் ஒரு பென்னி ரொட்டியும் தரவேண்டும். சாம்பல் புதன் அன்று தூய ஃபெய்த் ஆலயத்தில் பிரசங்கம் செய்பவருக்குப் பத்து ஷில்லிங் தரவேண்டும். எஞ்சியதைக் கொண்டு, அந்தப் பிரசங்கத்துக்கு முன்போ பின்போ, குழுவினருக்குக் கேக்கும் திராட்சை மதுவும் ஏலும் வழங்கவேண்டும்.

இந்த வரிசையை ஒரு கணம் நின்று பார்க்கலாம். அக்காலக் கணக்கில் 12 பென்ஸ் ஒரு ஷில்லிங். 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. பன்னிரண்டு ஏழைகளுக்கு ஆளுக்கு இரண்டு பென்ஸ் என்றால் வாரத்துக்கு 2 ஷில்லிங். பன்னிரண்டு பென்னி ரொட்டிக்கு 1 ஷில்லிங். ஆக வாரத்துக்கு 3 ஷில்லிங். ஆண்டின் 52 வாரங்களுக்கு 156 ஷில்லிங், அதாவது 7 பவுண்டு 16 ஷில்லிங். பிரசங்கியாருக்குரிய பத்து ஷில்லிங்கையும் சேர்த்தால் 8 பவுண்டு 6 ஷில்லிங். 150 பவுண்டு என்னும் முதலீடு ஆண்டுக்கு இதற்கு மேல் ஈட்டினால் மட்டுமே கேக்குக்கும் ஏலுக்கும் காசு மிஞ்சும். சட்டம் அனுமதித்த வட்டியின் உச்சவரம்பு அப்போது நூற்றுக்குப் பத்து. அதை வைத்துப் பார்த்தால் மிச்சம் இருந்திருக்கும்; ஆயினும் அது மிச்சமே. ஏழையின் ரொட்டி முதலில், இறைவார்த்தை அடுத்து, குழுவினரின் விருந்து கடைசியில் என்று அவர் எழுதினார். இன்று அந்நாள் விருந்தின் பெயராலேயே அழைக்கப்படுவதால், உயிலில் முதலிடம் பெற்றவர்கள் அந்தப் பன்னிரண்டு பேர் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது என்பதே என் கருத்து. இந்த ஆராதனையை விளக்கும்போது கேக்கிலிருந்து தொடங்குவது எளிது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். பொருளை அறிவதற்கு ரொட்டியிலிருந்து தொடங்கவேண்டும்.

பென்னி ரொட்டி என்பதும் விளக்கம் வேண்டும் ஒரு சொல். அக்கால இங்கிலாந்தில் ரொட்டியின் விலை மாறாது, எடைதான் மாறும். கோதுமை மலிவாக இருக்கும் ஆண்டில் ஒரு பென்னிக்குப் பெரிய ரொட்டி கிடைக்கும். விலை ஏறினால் அதே பென்னிக்குச் சிறிய ரொட்டி. எந்த விலைக்கு எவ்வளவு எடை என்பதைப் பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்தே சட்டம் வரையறுத்திருந்தது. எடை குறைந்தால் ரொட்டி சுடுவோருக்குத் தண்டனை உண்டு. அந்த அச்சத்தால், மொத்தமாக ஒரு டஜன் வாங்குபவருக்குப் பதின்மூன்றாவதாக ஒரு ரொட்டியைச் சேர்த்துக் கொடுப்பது வழக்கமாயிற்று. நம் ஊர்ச் சந்தையில் கொசுறு என்போமே, அதுதான். நார்ட்டனின் உயில் அந்தக் கொசுறையும் விட்டுவிடவில்லை: வாரந்தோறும் வரும் பதின்மூன்றாவது ரொட்டி பங்கு எழுத்தருக்குச் சேரவேண்டும் என்று குறித்துவைத்தது. வாழ்நாள் முழுதும் காகிதத்தை எண்ணிக் கணக்குப் பார்த்த வணிகரின் கை இந்த வரியில் தெரிகிறது. ஏழைகளைக் கூட்டி வரிசையில் நிறுத்தி ரொட்டி வழங்கும் வேலையை வாரம் தவறாமல் செய்ய ஒருவர் வேண்டும்; அவருக்கும் அதில் ஒரு பங்கு இருந்தால் அந்த வாரம் தவறாது.

இனி இடத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். தூய ஃபெய்த் ஆலயம் முன்னர்த் தூய பவுல் பேராலயத்தின் கிழக்கே தனிக் கட்டடமாக இருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பேராலயத்தைக் கிழக்கு நோக்கி நீட்டிக் கட்டியபோது அதை இடித்துவிட்டு, அப்பங்கு மக்கள் வழிபடுவதற்குப் பேராலயத்தின் நிலவறையை ஒதுக்கினார்கள். அன்றிலிருந்து அதற்கு ‘தூய பவுலின் கீழுள்ள தூய ஃபெய்த்’ என்ற பெயர் நிலைத்தது. பேராலயச் சுற்றுப்புறத்தில் கடை வைத்திருந்த நூல் வணிகர்களுக்கு இதுவே பங்கு ஆலயம். ஞாயிற்றுக்கிழமை வழிபட்டதும், பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததும், இறந்தவர்களை அடக்கம் செய்ததும் அங்கேதான். நார்ட்டன் தம் ஏற்பாட்டுக்கு இந்த ஆலயத்தைத் தேர்ந்தது அதனால் இயல்பானது.

1666 செப்டம்பரில் லண்டன் பெருந்தீயில் பற்றி எரிந்தது. தீ நெருங்குவதைக் கண்ட நூல் வணிகர்கள் தங்கள் சரக்கையெல்லாம் வண்டி வண்டியாகக் கொண்டுவந்து தூய ஃபெய்த் நிலவறையில் அடுக்கினார்கள். கல் வளைவுகளால் ஆன அந்த அறை தீக்கு அசையாது என்று நம்பினார்கள். பேராலயத்தின் கூரை இடிந்து விழுந்தது. நிலவறைக்குள் தீ புகுந்தது. உள்ளே இருந்த காகிதம் ஒரு வாரம் எரிந்தது என்று நேரில் கண்ட ஜான் ஈவ்லின் தம் நாட்குறிப்பில் எழுதினார். எரிந்த நூல்களின் மதிப்பு ஒன்றரை இலட்சம் பவுண்டுக்கு மேல் என்று தம் புத்தகக் கடைக்காரர் வழியாகக் கேட்டதைச் சாமுவேல் பீப்ஸ் குறித்துவைத்தார். குழுவின் மன்றமும் எரிந்தது. தீக்குப் பின் தூய ஃபெய்த் பங்கு, அருகிலிருந்த தூய அகுஸ்தீன் பங்கோடு இணைக்கப்பட்டது. குழு தன் மன்றத்தைத் திரும்பக் கட்டிக்கொண்டது. கிறிஸ்தபர் ரென் புதிய பேராலயத்தை எழுப்பினார். இன்று ஆராதனை நடைபெறும் நிலவறை, ரென் கட்டிய பேராலயத்தின் நிலவறை. அங்குள்ள சிற்றாலயத்துக்குத் தூய ஃபெய்த்தின் பெயர் தொடர்கிறது.

நூல்களுக்கு நேர்ந்த இந்தச் சாம்பலையும் சாம்பல் புதனையும் இணைத்துப் பார்ப்பது என்னுடைய எண்ணம் மட்டுமே. உயில் எழுதப்பட்டது தீக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பு. ஆயினும் 1940 டிசம்பர் 29ஆம் நாள் இரவு விழுந்த குண்டுகளால், பேராலயத்துக்கு வடக்கே இருந்த பட்டர்னாஸ்டர் ரோ என்னும் தெருவின் பதிப்பகக் கிடங்குகளில் இலட்சக்கணக்கான நூல்கள் மீண்டும் எரிந்ததை அறிந்தவர்கள், அந்த நிலவறையில் அந்த நாளில் கூடும்போது இதை நினைக்காமல் இருக்கமாட்டார்கள் என்றே தோன்றுகிறது.

சாம்பல் புதன் என்பது உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்திய நாற்பது நாள் தவக்காலத்தின் முதல் நாள். தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர் திருநீற்றுப் புதன் என்றும் விபூதிப் புதன் என்றும் அழைப்பர். சீர்திருத்தத் திருச்சபையினர் லெந்து காலத்தின் தொடக்கம் என்பர். உயிர்ப்புப் பெருவிழாவின் நாள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் இந்நாளும் மாறும். பிப்ரவரி 4க்கும் மார்ச் 10க்கும் இடையில் வரும். 2025இல் மார்ச் 5 அன்றும், 2026இல் பிப்ரவரி 18 அன்றும் அமைந்தது. மனிதன் மண்ணிலிருந்து வந்தவன், மண்ணுக்கே திரும்புவான் என்பதை நினைவூட்டும் நாளில், நோன்பு தொடங்கும் நாளில், கேக்கும் ஏலும் வழங்குவது பொருந்துமா என்று முதன்முதலாகக் கேட்பவர் ஐயுறலாம். நார்ட்டன் காலத்துக் கேக்கு இன்றைய கிரீம் பூசிய கேக்கு அன்று; ஈஸ்டிட்டுப் புளிக்கவைத்துச் சிறிது இனிப்புச் சேர்த்த ரொட்டி வகை. ஏல் அன்றாடம் எல்லாரும் குடித்த பானம். பிரசங்கம் கேட்க வந்தவர்களுக்குப் பசியாற எளிய சிற்றுண்டி என்பதே அதன் அளவு. இறப்பை நினைக்கும் நாளில் இறந்தவரின் பெயரால் வாழ்பவர்கள் சேர்ந்து உண்பதில் முரண்பாடு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

குழு இன்று வேறு உருவம் கொண்டிருக்கிறது. 1933இல் செய்தித்தாள் நடத்துவோரின் குழுவும் இதனோடு இணைந்தது. ஈய எழுத்துக் கோத்த தலைமுறை மறைந்து, கணினியில் பக்கம் வடிவமைப்போரும் இணையத்தில் செய்தி வெளியிடுவோரும் உறுப்பினராகிவிட்டார்கள். பழைய அறக்கொடைகளின் நிதியைக் கொண்டு குழு பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஃப்ளீட் தெருவை ஒட்டி ஒரு பள்ளி தொடங்கியது. 1861இல் திறக்கப்பட்டு, பின்னர் ஹார்ன்ஸிக்கு இடம் மாறி, 1983 வரை அது நடந்தது. வாரந்தோறும் இரண்டு பென்ஸ் என்பது இன்று எவருடைய பசியையும் தீர்க்காது. நிலையான தொகையை எழுதிவைக்கும் எல்லாக் கொடைகளுக்கும் நேரும் குறை இது. பணத்தின் மதிப்பு தேயத் தேயக் கொடையும் தேயும். ஆராதனை அவ்வாறு தேயவில்லை. பிரசங்கத்துக்கு ஒரு நாளும், ஓர் இடமும், கூடுவதற்கு ஒரு காரணமும் உயிலில் இருந்தன. அம்மூன்றும் விலைவாசியால் குறைவன அல்ல.

விருந்து பிரசங்கத்துக்கு முன்பா பின்பா என்பதை நார்ட்டன் குழுவினரின் விருப்பத்துக்கே விட்டிருந்தார். அவர்கள் முன்பு என்பதைத் தேர்ந்துகொண்டார்கள். மன்றத்தில் தட்டும் கோப்பையும் சுற்றி வந்த பிறகு, மாஸ்டரும் அவருக்கு அடுத்த பொறுப்பாளர்களான வார்டன்களும் மற்ற உறுப்பினர்களும் வரிசையாக வெளியே வந்து, ஊர்வலமாக நடந்து, பேராலயத்தின் படிகளில் நிலவறைக்கு இறங்குகிறார்கள்.